‘ஒரு சைடு பாடல அண்ணாச்சி’: பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை வீட்டில் வைத்தே சரிபார்ப்பது

செங்கோட்டையில் ஆனி பிறந்துவிட்டால் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டுவிடும். உப்பு ஜாடி நீர்த்துக்கொள்ளும், தீப்பெட்டி நமத்துப்போகும். அந்த வாரத்தில்தான் என் வீட்டுத் திண்ணைக்குப் பழைய ஆம்ப்ளிஃபையர்கள் வர ஆரம்பிக்கும். பாதி புளியரை, தென்காசிப் பக்கத்திலிருந்து வரும். மீதி மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூரிலிருந்து ரயிலேறி வரும். பெரும்பாலும் எண்பதுகளில் வளைகுடாவில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ பெட்டி கட்டிக் கொண்டுவந்த சன்சுயி, பயனியர், டெக்னிக்ஸ். “சேட்டா, ஒரு சைடு கேள்க்குன்னில்லா” என்பார் புனலூர்க்காரர். “ஒரு சைடு பாடல அண்ணாச்சி” என்பார் நம்மூர்க்காரர். நோய் ஒன்றுதான்.

ஸ்டீரியோ ஆம்பில் மற்ற எந்தப் பழைய சாமானிலும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. இடதும் வலதும் ஒரே சர்க்யூட்டின் இரண்டு பிரதிகள். வலது கெட்டிருந்தால், ஓடுகிற இடதுதான் அதற்கு சர்க்யூட் படம். இடது பக்கத்து டிரான்சிஸ்டர் காலில் 1.2 வோல்ட் இருக்கிறது, வலதில் அதே காலில் 9 வோல்ட் இருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. படம் கிடைக்கவில்லை என்று கையைப் பிசைய வேண்டாம். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இரண்டு பக்கத்து அளவையும் எதிரெதிரே எழுதுங்கள். இதனால்தான் எல்லாக் கண்டென்சரையும் ஒரேயடியாக மாற்றுகிற வேலை எனக்குப் பிடிப்பதில்லை. அப்படிச் செய்து எங்காவது ஒரு தப்பு நேர்ந்தால், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் என்று ஒன்று மிஞ்சாது.

மூடியைத் திறக்கும் முன்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கும். நடுவில் நிற்கிற இரண்டு பெரிய கண்டென்சர்கள், 6800 அல்லது 10000 மைக்ரோஃபாரட், ஒன்றில் பிளஸ் 35, இன்னொன்றில் மைனஸ் 35 வோல்ட் என்று பிடித்து வைத்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் 70. ஸ்க்ரூடிரைவரை வைத்து ‘பட்’டென்று ஷார்ட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் நுனி உருகும், சில நேரம் கண்டென்சரும் போகும். 100 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றின் இரு முனையிலும் நன்றாக இன்சுலேஷன் போட்ட வயரைப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்டென்சரின் இரண்டு முனையிலும் பத்து விநாடி வைத்தால் வடிந்துவிடும். மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகு கையை வையுங்கள்.

அடுத்து சீரிஸ் போர்டு. ஒரு மரப்பலகை, ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட். ஹோல்டரில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஆம்புக்குப் போகிற ஃபேஸ் இந்த பல்பு வழியாகத்தான் போக வேண்டும். ஆன் செய்ததும் பல்பு ‘பளிச்’ என்று எரிந்து மெல்ல மங்கினால் பெரிய கண்டென்சர்கள் நிரம்பின, ஷார்ட் இல்லை என்று பொருள். மங்காமல் முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே அணையுங்கள். ஐந்நூறு ரூபாய்கூட ஆகாத இந்தப் பலகை இல்லாமல் எந்தப் பழைய ஆம்பையும் நான் கரண்டில் மாட்டுவதில்லை.

செட்டின் முதுகில் வோல்டேஜ் தேர்வுத் திருகி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் செட் 100 வோல்டுக்கானது. நேராக நம் பிளக்கில் மாட்டினால் அன்றோடு முடிந்தது. 220, 240 என்று இரண்டும் இருந்தால் 240-இல் வையுங்கள். எங்கள் தெருவில் நள்ளிரவு தாண்டினால் 245 வரை ஏறும். 220-இல் வைத்த செட்டுக்கு அது நூற்றுக்குப் பதினொன்று அதிகம். உள்ளே 33 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 36-க்கு மேல் நிற்கும். அங்கே 35 வோல்ட் கண்டென்சர் போட்டிருந்தால் அதன் கதியை நினைத்துப் பாருங்கள்.

“உயிரே இல்லை”

பிளக், வயர், ஃபியூஸ், சுவிட்ச், இந்த வரிசையில் பாருங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, செட்டின் பவர் சுவிட்சை ஆனில் வைத்து, பிளக்கின் இரண்டு கால்களுக்கிடையே ஓம் அளவு எடுங்கள். சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் வரை வழி திறந்திருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஃபியூஸைக் கழற்றித் தனியாகப் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஃபியூஸும் மீட்டரில் செத்திருக்கும். அதுவும் சரி, சுவிட்சும் சரி என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று அறுந்திருக்கலாம். அதை வைண்டிங் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

“ஃபியூஸ் போட்டதும் போகுது”

முதலில் ஒரு வேண்டுகோள். பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு செட்டில் ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டித் தகடு சுற்றியிருந்தது. ஃபியூஸ் போகவில்லை, உண்மைதான். அதற்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தது. பத்து ரூபாய்ச் சாமானைக் காப்பாற்றி, எங்கும் கிடைக்காத சாமானைக் கொளுத்தியிருந்தார்கள்.

சீரிஸ் போர்டில் மாட்டுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால், அணைத்து, வடித்து, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரிட்ஜுக்கு (ஏசியை டிசியாக்குகிற டயோடு கூட்டம்) வருகிற வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போதும் எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரே குற்றவாளி. அணைந்தால் பிரிட்ஜ் டயோடு, பெரிய கண்டென்சர், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஆகிய மூன்றில் ஒன்று. மீட்டரை டயோடு மோடில் வைத்து ஹீட் சிங்க்கில், அதாவது சூட்டை வெளியேற்றுகிற உலோகத் தகட்டில் இருக்கிற ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் பாருங்கள். அதன் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர். முதலில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே. இரண்டு திசையிலும் சுழியம் காட்டி ‘பீப்’ என்றால் அது ஷார்ட். நல்லதில் பேஸிலிருந்து மற்ற இரண்டு காலுக்கும் ஒரு திசையில் மட்டும் 0.5-இலிருந்து 0.7 வரை வரும். போர்டில் வைத்து அளந்தது சந்தேகமாக இருந்தால் கழற்றி அளங்கள்.

ஒரு டிரான்சிஸ்டர் தனியாகப் போவது அபூர்வம். என்பிஎன், பிஎன்பி என்று எதிரெதிர் வகை இரண்டு ஜோடியாக வேலை செய்யும். என்பிஎன் போனால் ஜோடி பிஎன்பியும் போயிருக்கும். பக்கத்தில் வெள்ளைச் சிமென்ட் கட்டிபோல இருக்கிற 0.22 அல்லது 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் அறுந்திருக்கும். அதை ஓட்டுகிற டிரைவர் டிரான்சிஸ்டரும் அடிபட்டிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றி ஆன் செய்தால் புதியதும் ‘டப்’ என்று போகும். அந்தக் கூட்டத்தையே சேர்த்து மாற்றுங்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியில் சந்தையில் போலி ஏராளம். அவுட்புட் பகுதியை ஒரே கட்டியில் அடக்கிய எஸ்டிகே ஐசிகளிலும் அப்படித்தான். விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் வாங்காதீர்கள். பழைய செட்டிலிருந்து கழற்றிய நல்ல அசல் அதைவிட மேல்.

மாற்றியபின் மைக்கா தாளும் வெள்ளைப் பேஸ்டும் மறக்க வேண்டாம். மைக்கா போட்ட வகை என்றால் கலெக்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே பீப் வரக் கூடாது. மைக்காவில் ஓர் இரும்புத் தூள் குத்தியிருந்தாலும் வரும். பிறகு மீண்டும் சீரிஸ் போர்டு.

“ரிலே டிக்குனு அடிக்க மாட்டேங்குது”

ஆன் செய்து மூன்று முதல் எட்டு விநாடியில் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்பீக்கரை இணைக்கிற ரிலே அது. அடிக்கவில்லை என்றால் ரிலேயைத் திட்டாதீர்கள். அவுட்புட்டில் டிசி வருகிறது, ஸ்பீக்கரைக் கொளுத்த வேண்டாம் என்று அது காவல் நிற்கிறது. ரிலேயை நேராக இணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டு, ஸ்பீக்கர் காயில் (கம்பிச் சுருள்) கரிந்த நாற்றத்தோடு வந்தவர்களும் உண்டு.

ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றுங்கள். ரிலேக்கு முன்னால் வருகிற அவுட்புட் புள்ளி, அதாவது இரண்டு எமிட்டர் ரெசிஸ்டன்ஸ்களும் சேருமிடம், அதற்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி பாருங்கள். 50 மில்லிவோல்டுக்குள் இருந்தால் நலம். 100 தாண்டினால் கவனிக்க வேண்டும். 30 வோல்ட் என்று நின்றால் அந்தப் பக்கம் ஷார்ட், மேலே சொன்ன வேலை. ஒன்று, இரண்டு வோல்ட் என்று ஊசலாடினால் முன்பகுதியில் ஜோடியாக நிற்கும் சின்ன டிரான்சிஸ்டர்களைச் சந்தேகியுங்கள். இரண்டு பக்கமும் சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்தும் ரிலே அடிக்கவில்லை என்றால் காவல் சர்க்யூட்டிலேயே கோளாறு. அதிலுள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மாற்றினாலே பல செட்டுகள் எழுந்துவிடும்.

இங்கே ஒரு சங்கதி. அந்தக்காலத்து ஜப்பான் போர்டுகளில் பெரிய கண்டென்சர் ஆடாமல் இருக்க மஞ்சள் பசை ஊற்றியிருப்பார்கள். வருஷம் போகப்போக அது காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, ஈரம் குடித்து, மின்சாரத்தைக் கசியவிடும், டயோடு காலையும் அரித்துவிடும். எங்கள் சாரல் ஊரில் இதற்குக் கேட்கவே வேண்டாம். பழுப்பாக எதைப் பார்த்தாலும் மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, கீழே இருக்கிற கால்களைப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் மாற்றுங்கள்.

“ஒரு சைடு பாடல”

பத்து செட் வந்தால் ஆறேழு இதுதான். அதில் பாதிக்கு மேல் எந்தப் பாகமும் கெட்டிருக்காது.

போன ஆடியில் ஒரு சன்சுயி வந்தது. இடது பக்கம் அடங்கிவிட்டது, சத்தத்தைக் கூட்டினால் திடீரென்று வரும், குறைத்தால் போய்விடும். வேறு ஒரு கையில் ஏற்கெனவே இரண்டு தடவை டிரான்சிஸ்டர் மாறியிருந்தது, செலவும் ஆகியிருந்தது. “அண்ணாச்சி, இனி காயலான் கடைதானா?” என்றார் கொண்டுவந்தவர். “சத்தத்தைக் கூட்டினா வருதுன்னு சொன்னீங்கல்ல தம்பி, அதுலயே பதில் இருக்கு” என்றேன்.

கறுத்துப்போன ரிலே முனை செய்கிற வேலை அது. சின்ன சிக்னல் அந்தக் கறுப்பைத் துளைக்க முடியாது. பெரிய சிக்னல் துளைத்துக்கொண்டு போகும். ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் இரண்டு ஜோடி முனைகள். வலது வெள்ளி நிறத்தில் இருந்தது, இடது அடுப்புக்கரி பூசினாற்போல. விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாகக் கிழித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கிடையே வைத்து, விரலால் லேசாக அழுத்தி இழுத்தேன். கார்டில் கண்மைக் கோடுபோல ஒரு கோடு விழுந்தது. கோடு விழாமல் வருகிற வரை, எட்டோ ஒன்பதோ தடவை. சாண்ட் பேப்பர் போடக் கூடாது. மேல்பூச்சு போய் ஒரே வருஷத்தில் மறுபடி கறுத்துவிடும். முனையில் குழி விழுந்திருந்தால் ரிலேயையே மாற்றுங்கள். காயில் வோல்டேஜ் அதன் தலையிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 24.

ஆனால் ரிலேயைத் திறக்கும் முன்பு வெளியிலிருந்தே செய்ய வேண்டியவை இருக்கின்றன. ஸ்பீக்கர் வயரை இடம் மாற்றி மாட்டுங்கள். ஊமை ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கரில் குறை. ஆம்பின் அதே பக்கத்தில் நின்றால் ஆம்பில். அடுத்து, பின்னால் வருகிற ஆடியோ பின் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றுங்கள். ஊமை பக்கம் மாறினால் பாட்டு தருகிற பெட்டியிலோ வயரிலோ குறை. இந்த இரண்டும் இரண்டு நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் ஸ்க்ரூவைக் கழற்றியவர்களில் நானும் ஒருவன், அதுவும் பல தடவை.

குறை ஆம்பில்தான் என்று தெரிந்தால் முன்பக்கத்து டேப் மானிட்டர் சுவிட்சை இருபது, முப்பது தடவை தட்டுங்கள். கேசட் டெக் காலம் போய் முப்பது வருஷமாக யாரும் தொடாத சுவிட்ச் அது. ஆனால் எல்லாப் பாட்டும் அதன் வழியாகத்தான் போகிறது. தட்டத்தட்ட ஊமைப் பக்கம் கரகரத்து எழுந்தால் அங்கே கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். மோட், ஸ்பீக்கர் ஏ பி சுவிட்சுகளுக்கும் இதே வைத்தியம். சில செட்டுகளின் முதுகில் ப்ரீ அவுட், மெயின் இன் என்று நான்கு ஓட்டைகளும் அவற்றை இணைக்கிற ப வடிவக் கம்பிகளும் இருக்கும். அந்தக் கம்பியைத் துடைத்து மாட்டியதில் பாடிய செட்டுகள் உண்டு. அந்தப் பிரிப்பு இன்னொரு உபகாரமும் செய்யும். கம்பிகளைக் கழற்றிவிட்டு, ப்ரீ அவுட் இடதிலிருந்து மெயின் இன் வலதுக்கு ஒரு ஆடியோ வயர் மாட்டிப் பார்த்தால், குறை முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரிந்துவிடும். பின் ஓட்டைகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் மண்குளவிக்கு அந்த அளவு ஓட்டை என்றால் கொள்ளைப் பிரியம். மூன்று சாக்கெட்டில் கூடு கட்டி மெழுகி வைத்திருந்த ஒரு பயனியரை நான் சுத்தம் செய்திருக்கிறேன்.

இத்தனைக்கும் எழவில்லை என்றால் ட்ரை சாலிடர், அதாவது ஈயப் பற்று விட்டுப்போன கால். ஒரு பிளாஸ்டிக் பேனாவின் பின்புறத்தால் போர்டை மெல்லத் தட்டுங்கள். தட்டுகிற இடத்தில் பாட்டு வந்து வந்து போனால் நெருங்கிவிட்டீர்கள். ஹீட் சிங்க் ஓரத்துக் கால்கள், பெரிய ரெசிஸ்டன்ஸின் கால்கள், வால்யூம் கண்ட்ரோலின் கால்கள். பூதக்கண்ணாடியில் காலைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். பழசின் மேலேயே பூசுவது நிற்காது. அதற்கும் பிறகுதான் நோட்டைத் திறந்து இரண்டு பக்க வோல்டேஜை எழுத வேண்டியிருக்கும்.

“கரகரங்குது”

வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் கண்ட்ரோலுக்குள் தூசு. கால்கள் இருக்கிற பக்கத்துச் சந்து வழியாக எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனரை ஒரு பீய்ச்சு பீய்ச்சி, கடைசிக்குக் கடைசி ஐம்பது தடவை திருப்புங்கள். கதவுக் கீல் எண்ணெய், தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசு ஒட்டிக் களியாகிவிடும். கால் மணி நேரம் உலரவிட்டு ஆன் செய்யுங்கள்.

திருப்பாமலே ‘புஸ்... படபட’ என்று, வறுகடலைச் சட்டியில் மணல் பொரிகிற மாதிரி கேட்டால் வேறு நோய். வால்யூமை முழுக்கக் குறையுங்கள். சத்தமும் குறைந்தால் குறை கண்ட்ரோலுக்கு முன்னால் இருக்கிறது. குறையாமல் அப்படியே நின்றால் பின்னால். இந்த வகையில் பெயர் கெட்ட பழைய டிரான்சிஸ்டர்கள் உண்டு. 2எஸ்சி458, 2எஸ்ஏ726 இரண்டும் அந்தப் பட்டியலில் முன்வரிசை. வெள்ளி பூசிய கால்கள் கறுத்துப்போயிருந்தால் யோசிக்காமல் மாற்றலாம். புதியதன் கால் வரிசை பழையதுபோல் இருக்காது, அதை மட்டும் பார்த்துப் போடுங்கள்.

“ம்ம்ம்னு இரையுது”

ஆடியோ வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் ஆம்ப் நிரபராதி. ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் கேபிள் டிவி செட்டாப் பாக்ஸ்தான் முதல் எதிரி. தெருக்கம்பத்திலிருந்து வருகிற கேபிளின் உறையும் வீட்டு எர்த்தும் ஒரே அளவில் இருக்காது. அந்த வித்தியாசம் ஆம்பில் பாடும். கேபிள் முனையைக் கழற்றியதும் நின்றால் அதுவேதான். இதற்காக ஆம்பின் மூன்றாவது பின்னை வெட்டி எறிகிற வேலை வேண்டாம், உயிருக்கு ஆபத்து. ரெக்கார்ட் பிளேயரில் மட்டும் இரைந்தால் அதன் மெல்லிய கிரவுண்டு வயரைப் பின்னாலிருக்கிற திருகில் மாட்டினீர்களா என்று பாருங்கள்.

எதுவும் மாட்டாதபோதும் இரைந்தால் பெரும்பாலும் பெரிய கண்டென்சர் சோர்ந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் கனத்த முனகல், கிரவுண்டு சம்பந்தப்பட்டது. 100 ஹெர்ட்ஸ் சற்று மேல் ஸ்தாயியில், ரம்பம் இழுக்கிற சாயல், பிரிட்ஜுக்குப் பின்னால் வடிகட்டல் போதவில்லை. காதுக்கு இந்த வித்தியாசம் பழகிவிடும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் ஒரு படி மேலே. 50 இருந்த இடத்தில் 63. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.

“சத்தம் கிழியுது”

மொபைலை ஃபோனோ ஓட்டையில் மாட்டியிருப்பீர்கள். அது சில மில்லிவோல்ட் மட்டும் தருகிற ரெக்கார்ட் பிளேயர் காந்த ஊசிக்கான வாசல். ஆக்ஸ் ஓட்டைக்கு மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்பீக்கர் கூம்பை இரண்டு கையாலும் சமமாக அழுத்திப் பாருங்கள். உரசல் கேட்டால் காயில் கோணிவிட்டது.

“கை வைக்க முடியல, கொதிக்குது”

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடாவது பிரச்சினையில்லை, ஒரு பக்கம் மட்டும் கொதிப்பதுதான் பிரச்சினை. பாட்டு இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், பத்து நிமிஷம் ஓடவிட்டு எமிட்டர் ரெசிஸ்டன்ஸின் குறுக்கே மில்லிவோல்ட் அளங்கள். 0.22 ஓமில் 11 மில்லிவோல்ட் என்றால் 50 மில்லிஆம்பியர். செட்டுக்குச் செட்டு அளவு மாறும், ஆனால் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 11, மறுபக்கம் 60 என்றால் பயாஸ் பிரீசெட்டைப் பாருங்கள். பாட்டு இல்லாதபோதும் ஓடுகிற இந்தச் சின்னக் கரண்டை (பயாஸ்) கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகி அது. திருப்பும் முன் அது நிற்கிற இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷப் பிரீசெட்டின் நடுக்கால் தொடர்பு விட்டுப்போனால் சில சர்க்யூட்டுகளில் கரண்ட் கண்டபடி ஏறிப் புகையும். அதனால் எப்போதும் சீரிஸ் பல்போடுதான் தொடுவது. எனக்கு மனசு கேட்காமல் அதைப் புதிதாகவே மாற்றிவிடுவேன், பத்து இருபது ரூபாய்ச் சாமான்தானே. சன்சுயியில் இன்னொன்று, விடி1212 என்கிற சின்ன பயாஸ் டயோடு. அது அறுந்தாலும் இதே கொதிப்பு. போர்டைத் தட்டும்போது மில்லிவோல்ட் குதித்தால் அதைத்தான் முதலில் பிடியுங்கள்.

எந்த நோய்க்கு வைத்தியம் பார்த்திருந்தாலும், நல்ல ஸ்பீக்கரை உடனே மாட்டாதீர்கள். ஒதுக்கி வைத்த பழைய ஸ்பீக்கரில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, செட் சூடாக இருக்கும்போதே அவுட்புட் டிசியை இன்னொரு தடவை இரண்டு பக்கமும் அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்த சன்சுயியில் இடது 14, வலது 17 மில்லிவோல்ட். தேதி போட்டுச் சீட்டாக எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டு ஸ்க்ரூவை முடுக்கினேன். அடுத்த ஆடியில் திரும்பி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.